ஆயில் சர்வீஸ் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: ஆவணம் முதல் அனுபவக் கடிதம் வரை

கார்களுக்கு இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுகிறவரை லூப் டெக்னீஷியன் என்பார்கள். வண்டித் துறைக்குள் நுழைய இதைவிட எளிய வழி கிடையாது. முன் அனுபவம் கேட்கமாட்டார்கள், பெரிய படிப்பும் வேண்டாம். அதனாலேயே யாரும் எதையும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. "பக்கத்துல நின்னு பாரு, தானா வந்துடும்" என்பதுதான் பல இடங்களில் பயிற்சி. எந்தக் காகிதம் கேட்பார்கள், எதை வாங்க வேண்டும், சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று ஒவ்வொன்றையும் நான் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டங்களும் சம்பளமும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எங்கே இருந்தாலும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த மாதிரிக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆள் எடுக்கும் இடங்கள் மூன்று வகை.

ஆயில் மாற்றுவதற்கென்றே இருக்கும் விரைவு சர்வீஸ் கடை ஒன்று. பெரும்பாலும் பிட் என்கிற பள்ளத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவார்கள். ஒருவர் கீழே நிற்பார், ஒருவர் பானெட் பக்கம் நிற்பார், இன்னொருவர் வாடிக்கையாளரிடம் பேசுவார். வந்தவர் காத்திருக்கும்போதே வேலை முடிய வேண்டும் என்பதால் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும். எல்லாக் கம்பெனி வண்டிகளும் வருவதால் கை சீக்கிரம் பழகும். ஆனால் ஆயில், ஃபில்டர், டயர் காற்று, பல்பு, வைப்பர் ஆகியவற்றைத் தாண்டிக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

அடுத்தது, ஒரு கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். ஒரே கம்பெனி வண்டிகள் என்பதால் எந்த மாடலுக்கு என்ன ஆயில், எத்தனை லிட்டர் என்பது சில வாரங்களிலேயே மனதில் ஏறிவிடும். கம்பெனி நடத்தும் பயிற்சிகள் உண்டு, மேலே போகும் வழியும் தெளிவாக இருக்கும். வேலையில் சேரத்தான் நாளாகும், காகிதமும் நிறையக் கேட்பார்கள்.

மூன்றாவது, தனி மெக்கானிக் கடை. இங்கே எல்லாம் முதலாளியைப் பொறுத்தது. சொல்லித்தரும் மனம் உள்ளவரிடம் மாட்டினால் ஒரு வருடத்துக்குள் பிரேக், சஸ்பென்ஷன் வரை கை வைத்துவிடலாம். இல்லாவிட்டால் தரை கழுவுவதும் உதிரிபாகம் வாங்கிவர ஓடுவதுமாகப் பொழுது போய்விடும்.

என்னைக் கேட்டால், இரண்டாவது வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் விரைவு சர்வீஸ் கடையில் சேருங்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

2. காகிதங்களைச் சரியான வரிசையில் தயார் செய்யுங்கள்

வேலை கிடைத்த பிறகு ஆவணத்துக்காக அலைவதுதான் பலருக்கு முதல் தடங்கல். அதற்குள் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடுவார்.

ஓட்டுநர் உரிமத்தில் தொடங்குங்கள். ஆயில் மாற்றுகிறவருக்கு உரிமம் எதற்கு என்று தோன்றும். வண்டியை உள்ளே கொண்டுவருவதும் வெளியே நிறுத்துவதும் உங்கள் வேலைதான். உரிமம் இல்லாதவர் வாடிக்கையாளரின் வண்டியை நகர்த்தி எங்காவது இடித்துவிட்டால் கடையின் காப்பீடு கைகொடுக்காது என்பதால், பல இடங்களில் உரிமம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே பார்க்கமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டத் தெரிந்தால் போதாது, கிளட்ச் உள்ள வண்டியையும் பழகிக்கொள்ளுங்கள். எல்லா ஆவணங்களிலும் அதிக நாள் பிடிப்பது இந்த உரிமம்தான். வேலை தேட ஆரம்பிப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பழைய போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் கட்டி முடித்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள ஆவணம், வேலை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கான சான்று (வெளிநாட்டில் இருந்தால் விசா அல்லது வேலை அனுமதி), வயதுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வரி எண், கடைசியாகப் படித்ததற்கான சான்றிதழ் ஆகியவை அடுத்து வருகின்றன. வண்டியைத் தூக்கும் லிஃப்ட், பிட் வேலைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் 18 வயது முடிந்தவரைத்தான் எடுப்பார்கள்.

இங்கே அடிக்கடி சிக்கல் தருவது பெயர். ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும், மூன்றாவதில் ஓர் எழுத்து கூடியிருக்கும். சம்பளக் கணக்கு தொடங்கும்போது இதெல்லாம் பூதாகரமாகிவிடும். எந்த ஆவணத்தைத் திருத்த வேண்டும் என்று இப்போதே பார்த்துத் திருத்தக் கொடுத்துவிடுங்கள்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு, சில மாதங்கள்தான் செல்லும். கடை கேட்ட பிறகு வாங்கினால் போதும். மருத்துவப் பரிசோதனைக்கும் இதே கணக்குதான், பல இடங்களில் கடையே செலவை ஏற்கும். டெட்டனஸ் தடுப்பூசிக்கு மட்டும் யார் கேட்கவும் காத்திருக்க வேண்டாம். துருப்பிடித்த தகடு கையைக் கிழிப்பது இந்த வேலையில் சாதாரணம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஆவணங்களைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள். "அசல் எங்களிடமே இருக்கட்டும்" என்று ஒரு கடை சொன்னால் அந்த வேலையே வேண்டாம்.

3. பணம் கட்டிப் படிக்கலாமா?

ஆயில் மாற்றும் வேலையில் நுழைய மட்டும் என்றால் அவசியமில்லை. "மூன்றே மாதத்தில் லூப் டெக்னீஷியன், வேலை உறுதி" என்று பெரிய தொகை கேட்கும் படிப்புகள் சொல்லித்தருவதில் பெரும்பகுதியைக் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். முழு மெக்கானிக் ஆக வேண்டும் என்பது உங்கள் திட்டமானால் அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சியோ அப்ரண்டிஸ் திட்டமோ நல்லது. அதற்குச் செலவிடும் காலம் வீண் போகாது.

சான்றிதழ் தேர்வுகள் சிலவற்றுக்குப் படிப்போடு அனுபவமும் வேண்டும். அமெரிக்காவில் ஏஎஸ்இ என்ற அமைப்பு நடத்தும் ஜி1 தேர்வு பராமரிப்பு, சிறு பழுது வேலைகளுக்கானது. தேர்வில் தேறினாலும் வேலை அனுபவத்தைக் காட்டிய பிறகுதான் சான்றிதழ் கைக்கு வரும். ஆகவே முதலில் வேலை, அப்புறம் தேர்வு.

வேலை தருவதற்கு முன்பணம், சீருடை வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று கேட்கிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

4. எதை வாங்க வேண்டும், எதை வாங்கக்கூடாது

முதல் செலவு பூட்ஸ். விரலுக்கு மேல் இரும்புக் கவசமும், எண்ணெயில் வழுக்காத அடிப்பாகமும் இருக்க வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நாள் முழுக்க சிமென்ட் தரையில் நிற்கப் போகிறீர்கள், மலிவான பூட்ஸ் சில வாரங்களில் முதுகைப் பதம் பார்த்துவிடும். அடுத்தது கண்ணாடி, அதுவும் பக்கவாட்டு மறைப்பு உள்ளது. பிட்டில் தலையைத் தூக்கிப் பார்க்கும் வேலை என்பதால் சொட்டுகிற எண்ணெயும் மண்ணும் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கருவிகளைப் பொறுத்தவரை, கடை எதெல்லாம் தரும் என்று கேட்ட பிறகே வாங்குங்கள். விரைவு சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் எல்லாம் அங்கேயே இருக்கும். மற்ற இடங்களில் சொந்தக் கருவி கேட்டால் முதல் சில மாதங்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு 3/8 அங்குல ராட்செட், 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை சாக்கெட்டுகள், அதே அளவில் ஸ்பேனர்கள், சில டார்க்ஸ் பிட்டுகள் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூவுக்கான முனைகள்), பிளாஸ்டிக் கிளிப் கழற்றும் கருவி, நல்ல எல்இடி டார்ச், டயர் காற்று அளவி, ஒரு காந்தக் கம்பி. பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் பிளக்குகள் பெரும்பாலும் 13 முதல் 19 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 10 மில்லிமீட்டர் சாக்கெட் மட்டும் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது தொலையும். ஏன் என்று கேட்காதீர்கள், தொலையும்.

ஃபில்டர் கழற்றும் கப் வகைக் கருவிகளும், குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் கடையின் பொறுப்பில் இருக்க வேண்டியவை. டார்க் ரெஞ்சே இல்லாத கடை என்றால் அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பொறி ஒன்று உண்டு, தவணைக்குக் கருவி விற்கிறவர். கடை வாசலுக்கே வருவார். "இப்ப எடுத்துக்கோங்க, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க" என்பார். பொருள் நல்ல தரம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆயில் சர்வீஸ் சம்பளத்தில் பெரிய டூல் பாக்ஸை வாங்கிவிட்டு வருடக்கணக்கில் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம். முதல் வருடம் பழைய கருவியோ நடுத்தர விலைக் கருவியோ போதும். ஒரு கருவி இரண்டு முறை உடைந்தால், அதில் மட்டும் விலை கூடியதை வாங்குங்கள்.

5. நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள்

அவர்கள் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான்: நேரத்துக்கு வருவீர்களா, சனி ஞாயிறு வேலை செய்வீர்களா, 20 கிலோ தூக்க முடியுமா, உரிமம் உண்டா. நீங்கள் கேட்க வேண்டியதுதான் அதிகம்.

சம்பளம் மணிக்கணக்கா, மாதக்கணக்கா, வண்டிக்கணக்கா? வண்டிக்கணக்கு என்றால் வேலையில்லாத நாளில் கையில் எதுவும் வராது. புதியவருக்கு அது ஒத்துவராது. பயிற்சி நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டா? மழை நாளில் கூட்டம் இல்லையென்று பாதியில் வீட்டுக்கு அனுப்பினால் அந்த நேரத்துக்குக் காசு உண்டா? கூடுதல் நேர வேலைக்கு என்ன கணக்கு? சீருடைக்கும் துவைக்கவும் சம்பளத்தில் பிடிப்பார்களா?

இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி: வண்டிக்குச் சேதம் வந்தால் யார் தருவது? ஆயில் இல்லாமல் ஓடி இன்ஜின் பிடித்துக்கொண்டால் அதன் விலை உங்களுடைய பல மாதச் சம்பளம். கடைக்குக் காப்பீடு இருக்கிறதா, ஒப்பந்தத்தில் "சேதத்தைச் சம்பளத்தில் பிடிப்போம்" என்ற வரி இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"ஒரு வாரம் சும்மா வந்து வேலை செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார்கள் சிலர். ஒரு மணி நேரம் கை வேலையைக் காட்டுவது நியாயம். ஒரு வாரம் என்பது இலவச வேலை.

முடிந்தால் நேர்காணலுக்குப் போகும்போது தரையைப் பாருங்கள். எண்ணெய் சிந்திக் கிடக்கிறதா, துடைக்க ஆள் இருக்கிறதா, வேலை செய்கிறவர்கள் கையுறை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

6. ஆயில் டப்பாவைப் படிக்கப் பழகுங்கள்

முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ எழுத்தோடு வரும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. அது குறையக் குறைய குளிர்ந்த இன்ஜினுக்கு நல்லது. இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் "கெட்டியாக இருந்தால் பாதுகாப்புதானே" என்ற பழைய வாதம் எடுபடாது. இன்றைய இன்ஜின்களில் ஆயில் ஓடும் வழிகள் குறுகலானவை, அவை மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

எண் மட்டும் பொருந்தினால் போதாது, தரக்குறியும் பொருந்த வேண்டும். அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ குறியில் எஸ் எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கு, சி எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு. எஸ்பி என்ற தரம் 2020இல் வந்தது, பழைய எஸ்என் கேட்கும் வண்டிக்கும் அதை ஊற்றலாம். டீசலில் சிகே-4 என்பதும் எஃப்ஏ-4 என்பதும் ஒன்றல்ல. எஃப்ஏ-4 எல்லா டீசல் இன்ஜினுக்கும் ஒத்துவராது. புகையை வடிகட்டும் டிபிஎஃப் உள்ள டீசல் காருக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏசிஇஏ குறியில் சி2, சி3 போன்றவை அந்த வகை. இவை தவிர ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கம்பெனிகளுக்கென்று தனி அங்கீகார எண்களும் உண்டு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கிறவருக்குக் கடையில் தனி மரியாதை.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை யாருடைய நினைவையும் நம்பி முடிவு செய்யாதீர்கள். நான்கு சிலிண்டர் கார் பொதுவாக 4 லிட்டரை ஒட்டி எடுக்கும், ஆனால் ஒரே பெயர் கொண்ட மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று மாறும். கையேட்டிலோ கடையின் கணினியிலோ பார்த்து, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

7. ஓர் ஆயில் சர்வீஸ், முதலிலிருந்து கடைசி வரை

வண்டி உள்ளே வந்ததும் முதலில் ஒரு சுற்று. கீறல், உடைந்த விளக்கு, டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் ஜாப் கார்டில் குறித்து, முடிந்தால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கதான் கீறினீங்க" என்ற பேச்சு வந்தால் இந்தக் குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

இன்ஜினை நிறுத்திச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் ஊற்றி முடியும்வரை சாவி ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது. ஹைபிரிட் வண்டியில் இன்ஜின் சத்தமில்லாமல் "ரெடி" நிலையில் இருக்கும், நீங்கள் கீழே இருக்கும்போது தானாகவே கிளம்பும். அதை முழுதும் அணைத்துவிட்டு சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றி கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

லிஃப்டில் ஏற்றுவதாக இருந்தால் வண்டியின் தூக்கு புள்ளிகளைப் பார்த்து வையுங்கள். சக்கரம் தரையை விட்டு லேசாக எழுந்ததும் நிறுத்தி வண்டியை ஆட்டிப் பாருங்கள், நான்கு தாங்கிகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் முழுதாக உயர்த்தி, பூட்டு விழும்வரை இறக்கி நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

இப்போது டிரெய்ன் பிளக். கழற்றும் முன் இது இன்ஜின் ஆயிலுக்கான பிளக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்துவிட்டு, இன்ஜினில் பழைய ஆயிலுக்கு மேலேயே புது ஆயிலை ஊற்றுவது இந்தத் தொழிலில் புதியவர்கள் காலங்காலமாகச் செய்யும் தவறு. சுபாரு கார்களில் இரண்டு பிளக்குகளும் அருகருகே இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். வெளியே வருவது பழைய இன்ஜின் ஆயில் போலக் கறுத்து இல்லாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் உடனே பிளக்கைப் போட்டுவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

ஆயில் வடியும் நேரத்தில் பிளக்கைத் துடைத்து மரையைப் பாருங்கள், வாஷரை மாற்றுங்கள். இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் குறித்து வையுங்கள். பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டும். கோணலாக ஏறினால் விரலுக்குத் தெரியும், ராட்செட்டுக்குத் தெரியாது. அலுமினிய ஆயில் பேனில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை ஒருமுறை போனால் பேனையே மாற்ற வேண்டிவரலாம். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சால், அந்த மாடலுக்குரிய அளவில். காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னை இதற்குத் தொடவே கூடாது. சில வண்டிகளில் உங்களுக்கு முன்னால் யாராவது அப்படி முறுக்கியிருப்பார்கள், மரை ஏற்கெனவே போயிருக்கும். கழற்றும்போதே சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வண்டி கீழே இறங்கிய பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் கேஸ்கட் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டரின் ரப்பரும் ஏறினால் வண்டி கடையை விட்டுப் போன சிறிது நேரத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில்தான். உட்காரும் இடத்தைத் துடைத்து, புது ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே முறுக்குங்கள். ரப்பர் தொட்ட பிறகு பொதுவாக முக்கால் சுற்று, ஃபில்டர் மீதே எழுதியிருக்கும். உள்பகுதியை மட்டும் மாற்றும் கார்ட்ரிட்ஜ் வகை என்றால் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றுங்கள், அது சரியான பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மூடியை டார்க் அளவில் இறுக்குங்கள். பிளாஸ்டிக் மூடியில் எளிதில் விரிசல் விழுந்துவிடும்.

இருவர் சேர்ந்து வேலை செய்யும் கடையில் கீழே இருப்பவர் "பிளக் டைட், ஃபில்டர் டைட்" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் ஆயில் ஊற்ற வேண்டும், அவரும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் சில நாள் கூச்சமாக இருக்கும். இதைக் கேலி செய்யும் கடையிலும் விடாமல் சொல்லுங்கள்.

கையேட்டில் 4.2 லிட்டர் என்றால் முதலில் 4 ஊற்றுங்கள். மூடியைப் போடுங்கள். இன்ஜினைக் கிளப்பியதும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே டார்ச் அடித்து பிளக்கையும் ஃபில்டரையும் பாருங்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. ஆயில் கூடினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும், அதுவும் இன்ஜினுக்குக் கேடுதான். சில புதிய வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இருக்காது, திரையில்தான் அளவு காட்டும்.

கடைசியாக, வேலைக்காகக் கழற்றிய அடித்தட்டின் எல்லா ஸ்க்ரூவும் கிளிப்பும் போட்டாயிற்றா, சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்தாயிற்றா, அடுத்த சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்றா என்று பாருங்கள். ஜாப் கார்டில் நீங்கள் செய்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பார்க்காத டயருக்கு "பார்த்தேன்" என்று டிக் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மாட்டும்போது மாட்டுவது டிக் அடித்தவர்தான்.

8. மற்ற திரவங்களில் கை வைக்கும்போது

பிரேக் ஆயில் டாங்கியில் வேறு எந்த எண்ணெய் ஒரு துளி விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப் போய்விடும், மொத்த பிரேக் அமைப்பையும் பிரித்து மாற்ற வேண்டிவரலாம். பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. அளவு குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், கசிவும் இருக்கலாம். சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை வருகிறது. டீசல் வண்டியின் நீல மூடிக்குள் ஊற்றுவது யூரியாக் கரைசல், டீசல் டாங்கியில் அது போனால் செலவு பெரிது. ஹைபிரிட், மின் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயரைத் தனிப் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது.

டயர் காற்றை ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி வையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சாகியிருப்பது உச்ச அளவு. சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கிக்கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் சொல்லி, சொன்னதாக பில்லிலும் எழுதுங்கள்.

9. உடம்பு

பழைய இன்ஜின் ஆயில் வருடக்கணக்கில் தோலில் பட்டால் தோல் நோயும் புற்றுநோய் அபாயமும் உண்டு. நைட்ரைல் கையுறை போடுங்கள், கிழிந்தால் மாற்றுங்கள். கடை தராவிட்டால் சொந்தக் காசில் வாங்குங்கள். எண்ணெய் ஊறிய துணியைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். பெட்ரோலால் கை கழுவும் பழக்கத்தை யார் சொன்னாலும் ஆரம்பிக்காதீர்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பிட்டில் வந்து தங்கும். அங்கே புகைப்பதோ தீப்பொறி வரும் கருவியோ கூடாது. வாடை அடித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஓடிவந்த வண்டியின் ஆயில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும், பிளக்கின் கடைசிச் சுற்றில் கையை ஆயில் கொட்டும் பக்கம் வைக்காதீர்கள்.

10. எத்தனை நாளில் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் மாதம் மெதுவாகத்தான் இருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் நேரத்தில் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அவசரப்படுத்துவார்கள். சரிபார்க்கும் படிகளை விட்டுவிட்டு வேகம் காட்டினால் மாதக் கடைசியில் ஒரு வண்டி திரும்பி வரும். மூன்று மாதத்தில் வழக்கமான வண்டிகளை யாரையும் கேட்காமல் முடிப்பீர்கள். ஆறு மாதம் ஆனதும் டயர் மாற்றம், பேட்டரி, பிரேக் பரிசோதனை கற்றுத்தரும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது. ஒரு வருடம் ஆன பிறகும் ஆயில் மட்டும்தான் என்றால் வேறு கடை பார்க்கும் நேரம்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, வண்டி மாடல், செய்த வேலை. வாடிக்கையாளர் பெயரோ வண்டி எண்ணோ வேண்டாம். அப்ரண்டிஸ் பதிவுக்கும் தேர்வுக்கும் அனுபவத்தைக் காட்ட வேண்டியபோது இது பயன்படும். சம்பளச் சீட்டுகளையும் தேதி வரிசையில் சேமியுங்கள்.

கடையை விட்டுப் போகும்போது அனுபவக் கடிதத்தைக் கடைசி நாளில் கேட்காதீர்கள், விலகுவதாகச் சொல்லும் அன்றே எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்பதெல்லாம் அதில் வர வேண்டும், கடையின் முத்திரையும் பொறுப்பாளர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கடைகள் கைமாறும், மூடும், மேனேஜர்கள் போய்விடுவார்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடிப் போனால் உங்களைத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.